300 டிபிஐ என்றால் எதில் 300?

"படத்தை 300 டிபிஐயில் அனுப்புங்க." கல்யாணப் பத்திரிகை அடிப்பவரும் சொல்கிறார், விழா மலர் தொகுப்பவரும் சொல்கிறார், ஃப்ளெக்ஸ் கடையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரும் சொல்கிறார். கேட்பவர் வீட்டுக்குப் போய் ஏதோ ஒரு மென்பொருளில் 72 என்றிருக்கும் இடத்தில் 300 என்று அடித்து, சேமித்து, திரும்ப அனுப்புகிறார். அச்சாகி வரும்போது படம் முன்பு இருந்த அதே மங்கலோடுதான் இருக்கிறது. "டிபிஐ மாத்தித்தானே அனுப்பினேன்?" என்று சண்டை ஆரம்பிக்கிறது.

டிபிஐ என்பது 'டாட்ஸ் பெர் இன்ச்' என்பதன் சுருக்கம். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை புள்ளி என்ற கணக்கு. இதில் குழப்பம் அங்குலத்தில் இல்லை, புள்ளியில்தான் இருக்கிறது. படக்கோப்பில் ஒரு புள்ளி உண்டு. அச்சு இயந்திரம் போடும் புள்ளி வேறு. தாளில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும் புள்ளி இன்னொன்று. மூன்றுக்கும் அளவு வேறு, வேலை வேறு. பேச்சில் மட்டும் மூன்றையும் டாட் என்றே சொல்லிவிடுகிறோம். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், அந்த 300 எங்கிருந்து வந்தது, எப்போது அது வேண்டும், எப்போது அது வீண் என்பது தானாகத் தெரியும்.

முதல் புள்ளி: பிக்சல்

பூக்கடையில் மல்லிகையை முழம் போட்டு விற்கிறார்கள். நூறு பூவை நெருக்கமாகக் கட்டினால் அரை முழம் வரும். அதே நூறு பூவை இடைவெளி விட்டுக் கட்டினால் ஒரு முழம் வரும். சரம் நீண்டதே தவிர, பூ ஒன்றுகூடக் கூடவில்லை. "முழத்துக்கு எத்தனை பூ" என்பது நெருக்கத்தின் கணக்கு. "கையில் எத்தனை பூ" என்பது சரக்கின் கணக்கு.

படத்தின் சரக்கு பிக்சல். டிஜிட்டல் படம் என்பது வரிசை வரிசையாக அடுக்கிய சிறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே ஒரு நிறம். அந்தக் கட்டம்தான் பிக்சல். 12 மெகாபிக்சல் செல்பேசியில் எடுத்த படம் அகலத்தில் 4000, உயரத்தில் 3000 பிக்சல் கொண்டது, மொத்தம் 1 கோடியே 20 லட்சம். இந்த எண்ணிக்கை படம் எடுத்த கணத்தில் தீர்மானமாகிவிட்டது.

பிக்சலுக்கு அளவு கிடையாது. ஒரு பிக்சல் எத்தனை மில்லிமீட்டர் என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. அதைத் தாளில் பரப்பும்போதுதான் அளவு பிறக்கிறது. ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சலைப் பரப்புகிறோம் என்பதற்குச் சரியான பெயர் பிபிஐ, அதாவது 'பிக்சல்ஸ் பெர் இன்ச்'. அச்சகத்துக்காரர் 300 டிபிஐ படம் கேட்கும்போது உண்மையில் கேட்பது 300 பிபிஐதான். பெயரைத் திருத்தச் சொல்லி அவரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. மனதுக்குள் திருத்திக்கொண்டால் போதும்.

மேலே சொன்ன 4000 பிக்சல் அகலத்தை 300 பிபிஐயில் பரப்பினால் 13.3 அங்குலம் வரும். 150 பிபிஐயில் 26.7 அங்குலம். 72 பிபிஐயில் 55 அங்குலத்துக்கும் மேல். மூன்றும் ஒரே கோப்புதான்.

எதிர்த் திசையிலும் கணக்குப் போடலாம். வேண்டிய அங்குலத்தை வேண்டிய பிபிஐயால் பெருக்கினால் தேவையான பிக்சல் கிடைக்கும். ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீட்டர். 300 பிபிஐயில் அதை முழுக்க நிரப்ப 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். நான்குக்கு ஆறு அங்குலப் புகைப்படத்துக்கு 1200க்கு 1800. 35க்கு 45 மில்லிமீட்டர் பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு வெறும் 413க்கு 531. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளமான பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும் என்பது பலருக்கும் தெரியும். அந்தச் சுருங்கிய படம்கூடப் பாஸ்போர்ட் அளவுக்கும் விசிட்டிங் கார்டுக்கும் தாராளமாகப் போதும். அதையே காலண்டரில் முழுப் பக்கத்துக்குப் போட நினைத்தால்தான் வம்பு: 1600ஐ 300ஆல் வகுத்தால் ஐந்தேகால் அங்குலத்துக்கு மேல் தாங்காது.

சுருக்கமாக: பிக்சல் எண்ணிக்கை படத்தின் சொத்து. பிபிஐ, அந்தச் சொத்தை எவ்வளவு நீளத்துக்குப் பரப்புகிறோம் என்பது.

எண்ணை மட்டும் மாற்றினால்

பெரும்பாலான படக்கோப்புகளின் தலைப்பகுதியில் 72, 96, 300 என ஓர் எண் எழுதியிருக்கும். இந்தப் படத்தை அச்சிட்டால் இந்த நெருக்கத்தில் பரப்பு என்ற குறிப்பு அது. குறிப்பு மட்டும்தான். 72ஐ அழித்து 300 என்று எழுதினால் பிக்சல் ஒன்றுகூடப் பிறக்காது. மென்பொருள் காட்டும் அங்குல அளவு சுருங்கும், அவ்வளவே.

ஃபோட்டோஷாப்பில் 'இமேஜ் சைஸ்' பெட்டியைத் திறந்தால் 'ரீசாம்பிள்' என்று ஒரு தேர்வு இருக்கும். அதில் குறியை எடுத்துவிட்டு எண்ணை மாற்றினால் மேலே சொன்னதுதான் நடக்கும். படத்துக்குச் சேதமில்லை, லாபமும் இல்லை. குறியை வைத்தபடி மாற்றினால் மென்பொருள் இருக்கும் பிக்சல்களுக்கு நடுவே புதிய பிக்சல்களை ஊகித்துச் செருகும். கோப்பு பெருக்கும், விவரம் கூடாது. பிசிறு தெரியாமல் மழுமழுவென்று ஆகும், அவ்வளவுதான். செயற்கை நுண்ணறிவு வைத்துப் பெரிதாக்கும் கருவிகள் இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஊகிக்கின்றன. தோல், முடி, இலை எல்லாம் கூர்மையாக வரும். ஆனால் அதுவும் ஊகம்தான். முகம் வேறு யாரோபோல ஆகிவிடலாம். படத்துக்குள் தமிழ் எழுத்து இருந்தால் கட்டாயம் எழுத்துக்கு எழுத்து சரிபார்க்க வேண்டும். எழுத்து மாதிரி இருந்து எழுத்தாக இல்லாத ஒன்றைக் கூசாமல் வரைந்துவிடும்.

இந்த 72 எங்கிருந்து வந்தது? 1984இல் வந்த முதல் மெக்கின்டாஷ் கணினியின் திரையில் அங்குலத்துக்கு 72 பிக்சல். அச்சுத் தொழிலில் எழுத்தை அளக்கும் பாயின்ட் என்ற அலகும் அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. இரண்டும் பொருந்தினால் திரையில் தெரியும் அளவும் தாளில் வரும் அளவும் ஒன்றாக இருக்கும் என்பது கணக்கு. அந்தத் திரைகள் மறைந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. "வெப்சைட்டுக்கு 72 டிபிஐ" என்ற அறிவுரை மட்டும் போகவில்லை. இணையப் பக்கத்தில் படம் எத்தனை பிக்சல் என்பதுதான் பொருட்டு; கோப்பில் 72 இருந்தாலும் 3000 இருந்தாலும் உலாவி அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இரண்டாம் புள்ளி: தாளில் தெரியும் புள்ளி

நாளிதழில் வந்த ஒரு புகைப்படத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். செல்பேசிக் கேமராவைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பெரிதாக்கினாலும் தெரியும். முகம் மறைந்து, ஒழுங்கான வரிசையில் புள்ளிகளாக நிற்கும். நிழலான இடத்தில் பெரிய புள்ளி, வெளிச்சமான இடத்தில் சின்னப் புள்ளி. இதற்கு ஹாஃப்டோன் என்று பெயர்.

ஏன் இப்படி? அச்சு இயந்திரத்துக்குச் சாம்பல் நிறம் போடத் தெரியாது. கறுப்பு மை இருக்கிறது. தாளில் ஓர் இடத்தில் அதை வைக்கலாம் அல்லது வைக்காமல் விடலாம். 'கொஞ்சம் கறுப்பு' என்ற சங்கதி அங்கே இல்லை. புகைப்படத்திலோ கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே எண்ணற்ற படிநிலைகள். அதனால் கண்ணை ஏமாற்ற வேண்டியிருக்கிறது. புள்ளிகளின் மையங்களைச் சம இடைவெளியில் வைத்து, புள்ளியின் அளவை மட்டும் கூட்டிக் குறைத்தால், தள்ளி நின்று பார்க்கும் கண் மையையும் தாளையும் கலந்து சாம்பலாக வாசித்துக்கொள்கிறது. ஓர் இடத்தில் பாதிப் பரப்பை மை மூடியிருந்தால் அது 50 சதவீதப் புள்ளி. கால் பங்கு மூடியிருந்தால் 25 சதவீதம். அச்சகத்தில் "இந்த இடத்துல 20 பர்சன்ட் டின்ட் கொடு" என்பது இதைத்தான்.

யோசனை பழையது. வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1852இல் பெற்ற காப்புரிமையிலேயே மெல்லிய துணி வலையை இடையில் வைத்துப் படத்தைப் பிரிக்கும் எண்ணம் இருக்கிறது. நியூயார்க்கின் 'டெய்லி கிராஃபிக்' நாளிதழ் 1880 மார்ச் 4 அன்று ஒரு குடிசைப் பகுதியின் புகைப்படத்தை ஹாஃப்டோனில் அச்சிட்டது. 1882இல் ஜெர்மனியில் கியோர்க் மைசன்பாக் தன் முறைக்குக் காப்புரிமை எடுத்தார். பிறகு குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறிய கண்ணாடித் திரைகள் வந்தன. அந்தத் திரை வழியாகப் படத்தை மறுபடி படமெடுத்து, உலோகத் தகட்டில் அமிலம் விட்டு அரித்தெடுப்பார்கள். நம் பழைய அச்சகங்களில் 'பிளாக்' என்று சொன்னது அதைத்தான்.

இந்த இடத்தில் கொல்கத்தாவின் உபேந்திரகிஷோர் ராய் சவுத்ரியைச் சொல்லாமல் நகரக் கூடாது. சத்யஜித் ராயின் தாத்தா என்றுதான் அவரை நமக்கு அறிமுகம் செய்வார்கள். திரைக்கும் தகட்டுக்கும் உள்ள தூரம், லென்ஸ் துவாரத்தின் அளவும் வடிவமும், இவை சேர்ந்து புள்ளியை எப்படி உருவாக்குகின்றன என்பதைக் கணக்குப் போட்டு எழுதியவர் அவர். அந்தக் கட்டுரைகள் லண்டனிலிருந்து வந்த 'பென்ரோஸ்' அச்சுக்கலை ஆண்டு மலரில் வெளியாயின. குழந்தைகளுக்கு எழுதிய கதைகளில் படங்கள் நன்றாக அச்சாக வேண்டும் என்ற கவலையில் தொடங்கிய வேலை அது.

அங்குலத்துக்கு எத்தனை ஹாஃப்டோன் வரிசை என்பதை எல்பிஐ என்கிறார்கள், 'லைன்ஸ் பெர் இன்ச்'. அந்தக் கண்ணாடித் திரையின் கோட்டு எண்ணிக்கையிலிருந்து வந்த பெயர். இன்று கண்ணாடி இல்லை, பெயர் இருக்கிறது. நாளிதழ் அச்சாகும் நியூஸ் பிரிண்ட் தாளில் பெரும்பாலும் 85 முதல் 100 வரை. வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அச்சாகும் வார இதழ், காலண்டர் போன்றவற்றில் 133, 150. உயர்தர ஓவிய நூல்களில் 175க்கு மேலும் போவதுண்டு. எண் கூடினால் புள்ளி சிறிதாகும், படம் நுணுக்கமாகும். அப்படியானால் நாளிதழையும் 175இல் அடிக்கலாமே என்றால், தாள் விடாது. காரணம் கொஞ்சம் பின்னால் வருகிறது.

நான்கு மை, நான்கு கோணம்

வண்ணப் படமும் இதே வித்தைதான், நான்கு முறை. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு மைகளுக்கு நான்கு பிளேட் (மையைத் தாங்கும் அச்சுத் தகடு), நான்கு புள்ளி வரிசைகள். பச்சை இலையை உருப்பெருக்கிப் பார்த்தால் பச்சைப் புள்ளி இருக்காது. சயானும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்றாகவும் பக்கத்துப் பக்கத்திலும் கிடக்கும்.

நான்கு வரிசைகளையும் ஒரே திசையில் வைத்தால், பிளேட் ஒரு முடியளவு திரும்பினாலே அலை அலையாகப் பட்டைகள் தோன்றும். இதற்கு மோரே என்று பெயர். நுண்கட்டம் போட்ட சட்டையைச் செல்பேசியில் படமெடுத்தால் வானவில் கோடுகள் ஓடுமே, அதுவும் மோரேதான்: இரண்டு ஒழுங்கான வலைகள் ஒன்றோடொன்று கிட்டத்தட்டப் பொருந்தி, முழுக்கப் பொருந்தாமல் போகும் விளைவு. அதனால் ஒவ்வொரு நிறத்தின் வரிசையையும் ஒரு கோணத்தில் திருப்பி வைக்கிறார்கள். வழக்கமான ஏற்பாட்டில் சயான் 15 டிகிரி, கறுப்பு 45, மெஜந்தா 75, மஞ்சள் 0. சாய்கோட்டில் நிற்கும் வரிசையைக் கண் எளிதில் கண்டுபிடிக்காது என்பதால், அதிகம் உறுத்தக்கூடிய கறுப்புக்கு 45. கண்ணுக்கு அதிகம் உறைக்காத மஞ்சளுக்கு மிச்சம் கிடைத்த இடம். சரியாக அமைந்தால் புள்ளிகள் சின்னச் சின்ன ரோஜாப்பூ வடிவத்தில் சேரும். அச்சுக்காரர்கள் அதை ரோசெட் என்பார்கள்.

அச்சான படத்தை ஸ்கேன் செய்து மறுபடி அச்சிட்டால் முகத்தில் கட்டம் கட்டமாக விழுவதற்கும் இதுவே காரணம். பழைய புள்ளி வரிசையும் ஸ்கேனரின் வரிசையும் மோதுகின்றன. ஸ்கேனர் மென்பொருளில் 'டீஸ்கிரீன்' என்ற தேர்வு இருந்தால் போடுங்கள். அது புள்ளிகளைக் கலைத்துச் சற்று மழுப்பும். கூர்மை கொஞ்சம் போகும், கட்டம் போய்விடும். மூலப் புகைப்படம் கிடைத்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை.

இதுவரை இரண்டு புள்ளிகளைப் பார்த்தோம். கோப்பில் இருக்கும் பிக்சல் எல்லாம் ஒரே அளவு, நிறம் மட்டும் மாறும். தாளில் இருக்கும் ஹாஃப்டோன் புள்ளி ஒரு பிளேட்டுக்கு ஒரே நிறம், அளவு மட்டும் மாறும்.

மூன்றாம் புள்ளி: இயந்திரத்தின் பொட்டு

டிபிஐ என்ற சொல்லுக்கு உண்மையில் சொந்தமானது இதுதான். பிளேட் தயாரிக்கும் இயந்திரம் லேசர் ஒளியால் பிளேட்டில் மிக நுண்ணிய பொட்டுகளைப் பொறிக்கிறது. அது அங்குலத்துக்கு 2400 பொட்டு போடும் என்றால், ஒரு பொட்டு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. பொட்டின் அளவு மாறாது. உண்டு, இல்லை என்ற இரண்டே நிலைதான்.

மாறும் அளவுள்ள ஹாஃப்டோன் புள்ளியை மாறாத பொட்டுகளால் கட்டுகிறார்கள். 150 எல்பிஐ வேண்டும், இயந்திரம் 2400 டிபிஐ என்று கொள்வோம். 2400ஐ 150ஆல் வகுத்தால் 16. அதாவது ஒவ்வொரு ஹாஃப்டோன் புள்ளிக்கும் 16க்கு 16, மொத்தம் 256 பொட்டு கொண்ட ஒரு கட்டம் கிடைக்கிறது. அதில் 128ஐ நிரப்பினால் 50 சதவீதம். ஒன்றுமே நிரப்பாததையும் சேர்த்தால் 257 படிநிலைகள். வானம் பட்டை தட்டாமல் இழைந்து வர இது போதும்.

அலுவலக லேசர் பிரிண்டர் 600 டிபிஐ. அதில் 85 எல்பிஐக்குக் கணக்குப் போடுங்கள்: ஒரு கட்டத்தில் ஏழுக்கு ஏழு, 49 பொட்டு, 50 படிநிலை. எழுத்து கத்தி முனைபோல் வரும் அதே பிரிண்டரில் புகைப்படத்தின் வானம் படிக்கட்டாகத் தெரிவது இதனால்தான். புள்ளியைச் சிறிதாக்கினால் படிநிலை குறையும், படிநிலையைக் கூட்டினால் புள்ளி பெருக்கும். இரண்டும் வேண்டுமென்றால் டிபிஐ கூட வேண்டும்.

இங்க்ஜெட் பிரிண்டர் பெட்டியில் 4800, 5760 என்றெல்லாம் போட்டிருப்பதும் இந்த மூன்றாம் புள்ளிதான். மைத்துளியை எவ்வளவு நெருக்கமான இடங்களில் தெளிக்க முடியும் என்பதன் கணக்கு. ஒரு பிக்சலின் நிறத்தைக் காட்டப் பல துளிகள் வேண்டும். எனவே 5760 டிபிஐ பிரிண்டருக்கு 5760 பிபிஐ படம் தேடாதீர்கள். நல்ல புகைப்படத் தாளில் 300 பிபிஐ கொடுத்தாலே அது தன் முழுத் திறமையையும் காட்டிவிடும்.

அப்படியானால் 300 எங்கிருந்து வந்தது

இப்போது விடை எளிது. ஒவ்வொரு ஹாஃப்டோன் புள்ளியின் அளவையும் தீர்மானிக்கப் படத்திலிருந்து தகவல் வேண்டும். புள்ளி வரிசைகள் கோணத்தில் சாய்ந்து நிற்பதால் ஒரு புள்ளிக்கு ஒரு பிக்சல் என்று நேருக்கு நேர் பொருந்தாது; கொஞ்சம் உபரி வேண்டும். எல்பிஐயைப் போல ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை பிபிஐ இருந்தால் பிசகில்லை என்பது தொழிலின் வழக்கு. ஆர்ட் பேப்பரில் 150 எல்பிஐ, அதன் இரு மடங்கு 300. அந்த எண் முளைத்த இடம் இதுதான்.

100 எல்பிஐயில் அச்சாகும் நாளிதழுக்கு 150 முதல் 200 பிபிஐ போதும். அதற்கு 600 கொடுத்தால் கூடுதல் பிக்சல்கள் எல்லாம் சராசரியாகிக் கரைந்துபோகும்; கோப்பு மட்டும் கனக்கும்.

தற்செயலாகக் கண்ணும் இதே எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கிறது. இயல்பான பார்வை, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணத்தில் உள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்தறியும். 12 அங்குலத் தொலைவில் அந்தக் கோணம் அங்குலத்துக்கு ஏறக்குறைய 290 புள்ளி என்றாகிறது. 2010இல் ஐஃபோன் 4 வந்தபோது அதன் 326 பிபிஐ திரையை ஆப்பிள் 'ரெட்டினா' என்று விளம்பரப்படுத்தியது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

கண்ணின் கணக்கிலிருந்து ஒரு கைக்கணக்கு கிடைக்கிறது. பார்க்கும் தூரம் எத்தனை அடி என்று பாருங்கள். 300ஐ அந்த அடியால் வகுத்தால் தேவையான பிபிஐ. கையில் பிடித்துப் பார்ப்பது ஓரடி: 300. சுவரில் ஒட்டி இரண்டடியில் நின்று பார்க்கும் போஸ்டர்: 150. பத்தடியில் பார்க்கும் பேனர்: 30.

முப்பதா என்று திகைக்க வேண்டாம், போட்டுப் பாருங்கள். பத்துக்கு எட்டு அடி ஃப்ளெக்ஸ் என்பது 120க்கு 96 அங்குலம். 30 பிபிஐயில் 3600க்கு 2880 பிக்சல், அதாவது ஒரு கோடியைக் கொஞ்சம் தாண்டும். சாதாரண 12 மெகாபிக்சல் செல்பேசிப் படம் அதற்குக் கட்டுப்படியாகிறது. அதே ஃப்ளெக்ஸை 300 பிபிஐயில் செய்யப் பிடிவாதம் பிடித்தால் 36,000க்கு 28,800 பிக்சல், நூறு கோடிக்கு மேல். நான்கு நிறத்தில் சுருக்காமல் வைத்தால் கோப்பு நான்கு ஜிகாபைட்டைத் தாண்டும். கணினி திணறுவதுதான் மிச்சம். மண்டப வாசலில் பக்கத்திலேயே நின்று செல்ஃபி எடுப்பார்கள் என்று தெரிந்தால் 75, 100 வரை போகலாம். அதற்கு மேல் காசுக்கும் நேரத்துக்கும் கேடு.

எழுத்துக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். கண் அதில் பிசிறை உடனே பிடித்துவிடும். எழுத்தைப் படமாக்காமல் எழுத்தாகவே, அதாவது பிக்சலாக இல்லாமல் கோடுகளின் கணக்காகச் சேமிக்கும் வெக்டர் வடிவில், வைத்திருந்தால் எந்த அளவுக்கும் இயந்திரத்தின் முழு டிபிஐயில் அச்சாகும். கையெழுத்து, முத்திரை, பழைய கோட்டோவியம் போன்றவற்றை வேறு வழியின்றி ஸ்கேன் செய்தால் 300 போதாது. 600 முதல் 1200 வரை வைக்க வேண்டும்.

புள்ளி வீங்கும்

நாளிதழை ஏன் 175 எல்பிஐயில் அடிக்க முடியாது என்ற கேள்வி நிற்கிறது. பிளேட்டில் இருக்கும் புள்ளி அதே அளவில் தாளுக்கு வருவதில்லை. உருளைகளின் அழுத்தத்தில் மை பக்கவாட்டில் பிதுங்கும். தாள் அதை உறிஞ்சிப் பரப்பும். போதாததற்கு, தாளுக்குள் புகுந்த ஒளி புள்ளியின் அடியில் மாட்டிக்கொள்வதால் புள்ளியைச் சுற்றி ஒரு நிழல் விழும். மூன்றும் சேர்ந்து புள்ளி வீங்கித் தெரிகிறது. இதை டாட் கெயின் என்கிறார்கள். கோப்பில் 50 சதவீதமாக இருந்தது ஆர்ட் பேப்பரில் 65ஐ ஒட்டியும், நியூஸ் பிரிண்டில் 70ஐத் தாண்டியும் வந்து நிற்கும். புள்ளி சிறிதாகச் சிறிதாக அதன் சுற்றளவு பரப்பைவிட மேலோங்குவதால் வீக்கத்தின் பங்கும் கூடும். பஞ்சுபோன்ற தாளில் 175 எல்பிஐ போட்டால் நிழல் பகுதியில் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புக் குழம்பாகிவிடும்.

பிளேட் எடுக்கும்போதே இந்த வீக்கத்தைக் கணித்துப் புள்ளியைக் கொஞ்சம் சிறிதாக்கித்தான் போடுவார்கள். ஆர்ட் பேப்பருக்கு என்று தயாரித்த கோப்பை அப்படியே வழவழப்புப் பூச்சில்லாத மேப்லித்தோ தாளுக்கோ நியூஸ் பிரிண்டுக்கோ அனுப்பினால் படம் இருண்டு வருவது இந்தக் கணிப்பு பொய்த்ததால். தாள் மாறினால் அச்சகத்துக்குச் சொல்லுங்கள்.

தமிழ் எழுத்துக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஆறு பாயின்ட் எழுத்தில் மெய்யெழுத்தின் மேல்புள்ளி கால் மில்லிமீட்டர் அளவே வரும். 150 எல்பிஐயில் ஒரு ஹாஃப்டோன் கட்டம் 0.17 மில்லிமீட்டர். அந்த எழுத்தை 40 சதவீதச் சாம்பலில் வைத்தால், மேல்புள்ளி ஓரிரண்டு ஹாஃப்டோன் புள்ளிகளுக்குள் அடங்கிப்போகும். சில இடத்தில் தெரியும், சில இடத்தில் காணாமல் போகும். 'பட்டு' 'படடு' ஆகும். மருந்துச் சீட்டிலும் உணவுப் பொட்டலத்திலும் இது விளையாட்டில்லை. சிறு எழுத்துக்கு மெல்லிய சாம்பல் அழகாக இருக்கிறது என்று வடிவமைப்பாளர் சொன்னால் மறுத்துவிடுங்கள்: சிறு எழுத்து 100 சதவீதக் கறுப்பு மையில், கறுப்பு மையில் மட்டும் இருக்கட்டும். நான்கு மையும் கலந்த கறுப்பில் வைத்தால் இன்னொரு கேடு. ஒரு பிளேட் பத்தில் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் எழுத்துக்கு ஓரத்தில் சிவப்பும் நீலமும் நிழல் கட்டும். அடர்ந்த வண்ணப் பின்னணியில் வெள்ளை எழுத்து விட்டாலும் அப்படியே. மை உள்ளே பரவி 'ஞ', 'ணை', 'இ' போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைபடும். அங்கே எட்டு பாயின்டுக்குக் கீழே இறங்காமல், தடித்த எழுத்துருவாக வைப்பது நல்லது.

அதே பெயர், வேறு வேலை

ஸ்கேனரில் டிபிஐ என்றால் அங்குலத்துக்கு எத்தனை இடத்தில் மாதிரி எடுக்கிறது என்று பொருள். 'ஆப்டிகல்' என்று போட்டிருக்கும் எண்தான் நிஜத் திறன். அதைவிடப் பெரிதாக இன்னொன்று போட்டிருந்தால் அது ஊகித்துச் சேர்த்தது. பாஸ்போர்ட் அளவுப் படத்தை ஏ4 அளவுக்குப் பெரிதாக்க வேண்டுமென்றால் 300இல் ஸ்கேன் செய்து பயனில்லை. ஏறத்தாழ ஆறரை மடங்கு பெரிதாகிறது, எனவே 300 இன்டு 6.5, அதாவது 2000ஐ ஒட்டி வைக்க வேண்டும். மவுஸில் 800 டிபிஐ என்பதற்கும் புள்ளிக்கும் சம்பந்தமே இல்லை: மேசையில் ஓர் அங்குலம் நகர்த்தினால் கணினிக்கு 800 நகர்வுக் கணக்கு போகும், அவ்வளவுதான்.

அனுப்புமுன்னும் அச்சான பின்னும்

அச்சகத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: முடிவான அளவு எத்தனை அங்குலம், எந்தத் தாள், எத்தனை எல்பிஐ. பிறகு கோப்பின் பண்புகளில் பிக்சல் எண்ணிக்கையைப் பார்த்து, அங்குலத்தால் வகுத்து, வருவது எல்பிஐயின் ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கிறதா என்று சரிபாருங்கள். படத்தின் ஒரு மூலையை மட்டும் வெட்டிப் பயன்படுத்துவதாக இருந்தால், வெட்டிய பிறகு மிஞ்சும் பிக்சலை எண்ண வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், சுருங்காது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவது வேண்டவே வேண்டாம். திரைக்கு எத்தனை பிக்சலோ அதற்கு மேல் ஒன்றும் வராது.

அச்சான தாள் கைக்கு வந்ததும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். யார் பக்கம் தவறு என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஹாஃப்டோன் புள்ளிகள் உருண்டையாக, சுத்தமாக இருந்தும் படம் மங்கலாகவோ கட்டம் கட்டமாகவோ இருந்தால், கோப்பில் பிக்சல் போதவில்லை. ஒரு நிறம் மட்டும் விளிம்பு தாண்டி எட்டிப் பார்த்தால் ரெஜிஸ்டர், அதாவது நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் அமைப்பு, விலகியிருக்கிறது. புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில் வால் முளைத்து நீண்டிருந்தால், அச்சாகும்போது தாளோ, பிளேட்டிலிருந்து மையை வாங்கித் தாளுக்குக் கொடுக்கும் ரப்பர் விரிப்பான பிளாங்கெட்டோ வழுக்கியிருக்கிறது; அச்சுக்காரர்கள் அதை ஸ்லர் என்பார்கள். பின்னிரண்டுக்கும் உங்கள் கோப்பு பொறுப்பில்லை, மறுபடி அடித்துத் தரச் சொல்லலாம்.